கோட்டைக்கும் காயலுக்கும் எவ்வளவு தூரம்?

1956 அக்டோபர் 31 இரவு வரை திருநெல்வேலிக் கரையின் காயல்பட்டினமும் மலபாரின் கோழிக்கோடும் ஒரே சென்னை மாநிலத்து ஊர்கள். மறுநாள் விடிந்தபோது கோழிக்கோடு கேரளத்தில் இருந்தது. மலபாரைப் போலவே பிரிந்த தென் கன்னட மாவட்டத்தின் பெரும்பகுதி மைசூருக்குப் போனது. திருவிதாங்கூரின் தெற்கு வட்டங்கள் நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாக வந்து சேர்ந்தன. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தோடு இணைந்தது. பெயர் மட்டும் பழையபடி சென்னை மாநிலம்தான். தமிழ்நாடு என்று பெயர் சூட்டக் கோரி உண்ணாநோன்பு இருந்த சங்கரலிங்கனார் உயிர் நீத்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை.

கொழும்பிலும் மலபாரிலும் கடை போட்டுப் பழகிய காயலர்களுக்கு ஒரு புதிய எல்லைக்கோடு பெரிய தடையில்லை. கடை நடந்தது, சம்பந்தங்களும் தொடர்ந்தன. மாறியது சட்டமன்றக் கணக்கு. 1952 முதல் பொதுத்தேர்தலில் அமைந்த பேரவையில் 375 பேர். 1953இல் ஆந்திரம் பிரிந்ததும் அது 231 ஆனது. 1956 நவம்பர் 1 அன்று 190. மலபாரைச் சேர்ந்த பேரவைத் தலைவர் கோபால மேனனின் பதவியே அன்றோடு முடிந்தது. முஸ்லிம் லீக்குக்கு அந்தப் பேரவையில் இருந்த பலம் மலபார் தந்த பலம். அதுவும் கூடவே போனது. காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது சிறிய இழப்பல்ல.

ஆனால் சிறுத்த அவைக்கு ஒரு வசதி வாய்த்தது. அதுவரை தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று ஆளுக்கொரு மொழியில் பேசிய மன்றம் அது. எல்லோருக்கும் பொதுவாக நின்றது ஆங்கிலம். இப்போது தமிழர்களே மிகுதி. அவை அப்போது கூடிய இடம் அரசினர் தோட்டத்தில் 1952இல் கட்டிய மண்டபம். புதிய எல்லைகளோடு கூடிய கூட்டத்தில், நிதியமைச்சர் சி. சுப்பிரமணியம் கொண்டுவந்த ஆட்சிமொழிச் சட்டம் 1956 டிசம்பர் 27 அன்று நிறைவேறியது. தமிழே ஆட்சிமொழி என்று முடிவான அந்த நாளே அந்த மண்டபத்தில் பேரவை கூடிய கடைசி நாளும் ஆனது.

1957 தேர்தல் முடிந்து ஏப்ரல் 29இல் புனித ஜார்ஜ் கோட்டையில் புதிய பேரவை கூடியபோது 205 உறுப்பினர்கள். அண்ணா தலைமையில் திமுகவினர் 15 பேர் முதன்முறையாக உள்ளே வந்தார்கள். குளித்தலையில் வென்று வந்த கருணாநிதி தம் கன்னிப்பேச்சில் நங்கவரம் உழவர்களின் பிரச்சினையை எடுத்தார். காமராஜரின் எட்டுப் பேர் அமைச்சரவையில் ஒருவர் லூர்தம்மாள் சைமன். குளச்சலில் வென்றவர், அதாவது ஐந்து மாதம் முன்பு வரை வேறு மாநிலமாக இருந்த மண்ணிலிருந்து வந்தவர். அவருக்குத் தந்த துறைகள் உள்ளாட்சியும் மீன்வளமும்.

காயல் கரைக்கு மீன்வளத் துறை என்பது வெறும் வலையும் வள்ளமும் அல்ல, முத்தும்கூட. 1955 முதல் 1961 வரை மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் அரசு சிலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடத்தியது. புதிய மாநிலம் கண் திறந்த ஆண்டுகளும் சிப்பி திறந்த ஆண்டுகளும் ஒன்றாகவே வந்தன. 1961க்குப் பிறகு பெரிய சிலாபம் நடக்கவில்லை. நிலத்துப் பக்கம், அண்டை ஊரான ஆறுமுகநேரியின் கே.டி. கோசல்ராம் விடாமல் வலியுறுத்திய மணிமுத்தாறு அணை 1958இல் முடிந்தது. இந்தக் கரையின் காரியங்கள் கோட்டையில் பேசப்பட்டன. ஆனால் பேசியது இன்னதென்று ஊருக்குத் தெரிய மறுநாள் பத்திரிகை வர வேண்டும். மனு கொடுக்கப் போனால் கலெக்டர் இருந்தது திருநெல்வேலியில்.

அந்தப் பத்திரிகைகளில் ஒன்றான தினத்தந்தியை 1942இல் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் இதே திருச்செந்தூர் வட்டத்தின் காயாமொழிக்காரர். 1952இல் திருச்செந்தூரில் வென்று பேரவைக்குப் போனவர். அவையைத் தமிழாக்க 1956இல் தொடங்கிய வேலை அவர் காலத்தில்தான் முழுமை கண்டது. 1967இல் திமுக ஆட்சிக்கு வந்ததும் பேரவைத் தலைவர் ஆனார். ஜூலை 18 அன்று தமிழ்நாடு எனப் பெயர் மாற்றும் தீர்மானம் நிறைவேறியபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர். திருக்குறளோடு அவையைத் தொடங்கும் வழக்கமும் அவர் கொண்டுவந்ததே. சட்டத்தில் இருந்த தமிழ் அவையின் அன்றாட நடப்புக்குள் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு? சட்டமன்றத்தின் மேலவை 1986 நவம்பர் 1 அன்று கலைந்தது; மாநிலம் அமைந்து சரியாக முப்பது ஆண்டு. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் தூத்துக்குடி தனி மாவட்டமாகி, கலெக்டர் அலுவலகம் காயலுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. பேரவை 2010இல் ஓமந்தூரார் தோட்டத்துப் புதுக் கட்டடத்துக்குப் போய், அடுத்த ஆண்டே கோட்டைக்குத் திரும்பியது. கொரோனா காலத்தில் கலைவாணர் அரங்கில் கூடியது. ஆட்சிமொழிச் சட்டம் பிறந்த அந்தப் பழைய மண்டபம் இருந்த இடம் அது. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. அமைச்சர் சொன்ன பதிலை அவர் உட்காருவதற்குள் காயல் தெருவில் இருப்பவரும் ஹாங்காங்கில் கடை வைத்திருப்பவரும் ஒரே நேரத்தில் கேட்டுவிடலாம். 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது நாடே இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிற்று. செய்தி போய்ச் சேருவது இனி ஒரு பிரச்சினையே இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 1961 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 3.37 கோடி, பேரவையில் 206 பேர். ஓர் உறுப்பினருக்கு ஒன்றரை லட்சத்துக்கும் சற்று மேல். 1967இல் 234 என்று நின்ற எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. 2011இல் மக்கள் 7.21 கோடி. ஓர் உறுப்பினர் தலையில் மூன்று லட்சத்துக்கும் மேல். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், கொறடா சொன்னதற்கு மாறாக வாக்களித்தால் பதவியே போய்விடலாம். விலைக்கு வாங்கும் அரசியலுக்குப் போட்ட கடிவாளம் அது; தொகுதிக்காக முரண்டு பிடிக்க நினைப்பவரையும் சேர்த்துக் கட்டிவிட்டது. அவையின் மொழி நம் வாசலுக்கு வந்திருக்கிறது, அதைப் பேசும் ஆளை நாம் பிடிப்பது கடினமாகியிருக்கிறது.

உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டுவதா, தொகுதிகளை எப்படி வரைவது என்ற வாதம் இப்போது டெல்லி வரை நடக்கிறது. அது முடியும்வரை காயல் காத்திருக்க வேண்டியதில்லை. லூர்தம்மாள் உள்ளாட்சி அமைச்சராக இருந்தபோது, 1958இல் அந்த இளம் பேரவை பஞ்சாயத்துச் சட்டத்தை இயற்றியது. எல்லாவற்றையும் கோட்டையில் உட்கார்ந்து பார்க்க முடியாது என்று அன்றே புரிந்திருந்தது. காயல்பட்டினம் 2004இல் நகராட்சியானது. பதினெட்டு வார்டு, நாற்பதாயிரம் பேர்: ஓர் உறுப்பினருக்கு ஏறக்குறைய இரண்டாயிரத்து இருநூறு பேர். வடிகால், குடிநீர், குப்பை, மழைநீர் எந்த ஓடை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் இந்த அவையில் கேட்க வேண்டிய கேள்விகள். பேரவையின் கேள்வி நேரத்தைக் கைப்பேசியில் பார்க்கும் அக்கறையில் பாதியை நகராட்சிக் கூட்டத்தின் மேல் வைத்தாலே, 1957இன் உறுப்பினரைவிடக் கிட்டத்தில் நமக்குப் பதில் சொல்ல ஆள் இருப்பார்.