விடுதலை நாடிக் குடிபெயர்ந்தோர்: கெடாத் தோட்டங்களும் தொண்டர் படையும்

கெடா மாநிலம் தமிழ் பயின்றோர்க்குக் கடாரம் என்னும் பெயராலேயே முதலில் அறிமுகமாகிறது. 1025-ஆம் ஆண்டையொட்டி முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை அத்துறைமுகத்தைத் தாக்கியதும், அதனால் அவ்வேந்தன் கடாரங்கொண்டான் என விருது பெற்றதும், பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்களும் ஆசிரியர்கள் விரும்பி எடுத்துரைக்கும் செய்திகள். அப்பள்ளத்தாக்கிற்கு அண்மையிலுள்ள பீடோங் என்னும் சிற்றூரில் 1947-இல் நடந்தவை வகுப்பறையில் அரிதாகவே பேசப்படுகின்றன. அரசன் படையோடு வந்து சென்ற வரலாற்றிற்குக் கல்வெட்டு உண்டு. பால்மரம் வெட்டியோர் தாமே ஒரு படை திரட்டிய வரலாற்றிற்கு அத்தகைய சான்று ஒன்றும் நிறுத்தப்படவில்லை.

மக்கள் ஊர் விட்டு ஊர் செல்வதற்குப் பஞ்சம், வாணிகம், மணவினை, வேலை எனக் காரணங்கள் பல. ஒரு கொள்கையை வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே குடிபெயர்வோர் மிகச் சிலர். அண்மைக் காலத்தில் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது அமெரிக்க நாட்டில் தோன்றிய 'சுதந்திர மாநிலத் திட்டம்' ஆகும். 2001-இல் ஜேசன் சோரன்ஸ் என்னும் ஆய்வு மாணவர் இதனை முன்மொழிந்தார். அரசின் கை எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவுக்குத் தனிமனிதனின் உரிமை வளரும் என்று கருதுவோரைத் தன்னுரிமைக் கொள்கையினர் எனலாம். அவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடப்பதால் எங்கும் வலிமையற்றிருக்கின்றனர். அவர்களுள் 20,000 பேர் மக்கள்தொகை குறைந்த ஒரே மாநிலத்தில் சென்று குடியேறினால் அம்மாநிலத்தின் சட்டங்களையே மாற்றலாம் என்பது சோரன்ஸின் கணக்கு. 2003-இல் வாக்கெடுப்பின் வழியாக நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2016-இல் 20,000 கையொப்பங்கள் நிறைந்தன. கையொப்பமிட்டோர் அனைவரும் மூட்டை கட்டிவிடவில்லை. எனினும் ஆயிரக்கணக்கானோர் குடியேறினர். சிலர் மாநிலச் சட்டமன்றத்திலும் இடம் பெற்றனர்.

தமிழர் வரலாற்றிலும் இதனையொத்த செயல் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1910-இல் காலன்பாக் என்பார் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தபோது, சிறை சென்ற அறப்போராளிகளின் குடும்பங்கள் அங்கே குடியேறின. தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் இருந்தன. 1913-இல் டிரான்ஸ்வாலைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் இசைவுச் சீட்டின்றி எல்லை கடந்து நேட்டாலுக்குச் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்தனர். மாகாண எல்லையைக் கடப்பதே அங்குப் போராட்டமாயிற்று.

கெடாத் தோட்டத் தமிழரிடையே கொள்கை நாடிய குடிபெயர்வு நிகழ்ந்ததா எனின், நிகழ்ந்தது என்றே விடை கூற வேண்டும். அது தொடங்கிய இடம் மட்டும் நியூ ஹாம்ப்ஷயரினின்றும் பெரிதும் வேறுபட்டது. அமெரிக்கக் கொள்கையினர்க்கு அரசு தலைநகரில் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கோ அரசு பங்களாவில் இருந்தது.

இதனைச் சிறிது விரித்துக் காணுதல் நலம். சஞ்சிக்கூலி முறை மலாயாவில் 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே ஓங்கியது. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. சட்டப்படி பார்த்தால் தொழிலாளி உரிய அறிவிப்புக் கொடுத்து வேறு தோட்டத்திற்குப் போகலாம். நடைமுறை அப்படியன்று. அவன் குடியிருந்த லயம் தோட்டத்தினுடையது. வேலை போனால் அன்றே வீடும் போயிற்று. பிள்ளை படித்த பள்ளி, நோய்க்குச் சென்ற மருத்துவ அறை, வழிபட்ட மாரியம்மன் கோயில், மாலையில் நுழைந்த கள்ளுக்கடை ஆகிய யாவும் தோட்ட எல்லைக்குள் இருந்தன. விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும்போது கிராணி பெயர் வாசிப்பான். துரை நினைத்தால் பெயரை அடிப்பான். தோட்டத்திற்குள் உறவினர் வந்து போவதற்கும் கட்டுப்பாடு இருந்தது.

இக்கூற்றில் மிகையில்லை என்பதற்கு 1941-இல் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தம் சான்று. ஆர். எச். நாதன் முன்னின்ற அப்போராட்டத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வோடு வேறு சிலவும் இருந்தன: துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குத் தடையின்றி வந்து போக வேண்டும். கூலி கேட்பதை முதலாளிகள் எதிர்பார்த்திருக்கலாம். மிதிவண்டியில் அமர்ந்தபடியே துரையைக் கடந்து செல்லும் உரிமையைக் கேட்டது அவர்களுக்குப் புரியாத மொழியாயிற்று. நாதன் நாடு கடத்தப்பட்டார். படையினர் சுட்டதில் தொழிலாளர் இறந்தனர்.

அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை வந்தது. கெடாவின் ஜித்ராவில் பிரிட்டிஷ் அணி உடைந்தபோது, தம் படையினின்றும் பிரிந்து நின்ற கேப்டன் மோகன்சிங், அலோர்ஸ்டாரில் ஜப்பானிய அதிகாரி புஜிவாராவையும் கியானி பிரீதம்சிங்கையும் சந்தித்தார். இந்திய தேசிய இராணுவத்தின் வித்து ஊன்றப்பட்டது அங்கேதான். தோட்டத் தமிழர்க்கு அந்தச் செய்தி அப்போது எட்டியிருக்க வழியில்லை. அவர்களுக்கு எட்டியது வேறு: ரப்பர் விலைபோகாமல் வேலை நின்றது, அரிசி மறைந்தது, மரவள்ளிக் கிழங்கு உணவாயிற்று. பின்னர், சயாம் மரண ரயில் என்று இன்றும் வழங்கும் பாதைக்கு ஆள் பிடிப்பது தொடங்கியது. சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் பல்லாயிரம் மலாயாத் தமிழர் மாண்டனர்.

1943 அக்டோபரில் ஒரே வாரத்தில் மூன்று நிகழ்ச்சிகள் நடந்தன. 17-ஆம் நாள் இரு முனைகளிலிருந்தும் வந்த ரயில் பாதை ஒன்றாக இணைந்தது. 18-ஆம் நாள் ஜப்பானியர் கெடாவைச் சயாமிடம் ஒப்படைத்தனர். கெடா சைபுரி என்னும் பெயரோடு சயாமிய ஆட்சிக்குள் சென்றது. 21-ஆம் நாள் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசைப் பறைசாற்றினார். ஆகவே சுங்கைப்பட்டாணியிலிருந்தோ கூலிமிலிருந்தோ ஓர் இளைஞன் போஸின் படையில் சேரத் தெற்கே புறப்பட்டானாயின், அவன் மாநிலம் விட்டு மாநிலம் மட்டுமன்றி ஓர் ஆட்சி விட்டு மற்றோர் ஆட்சிக்கும் குடிபெயர்ந்தான் எனல் வேண்டும். அவன் சென்று சேர்ந்ததும் ஒரு விந்தையான அரசு. அதற்கு அமைச்சர் இருந்தனர், படை இருந்தது, வங்கியும் பின்னர் ஏற்பட்டது. ஆளத்தக்க நிலம்தான் இல்லை.

பசிக்கும் ரயிலுக்கும் தப்பவே தோட்டத்தார் சேர்ந்தனர் என்று கூறுவோர் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் தப்பிப் பிழைக்க மட்டுமே விரும்பியவன் காட்டோரம் கிழங்கு நட்டுக்கொண்டு ஒளிந்திருந்திருக்கலாம். பலர் அவ்வாறும் செய்தனர். படையில் சேர்ந்தோர்க்கு அங்கே கிடைத்தது வேறொன்று. மலாயாவில் சேர்ந்த குடிமக்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்களுள்ளும் தோட்டத்தார் பெருந்தொகையினர். அவர்கள் எல்லாச் சாதியாரோடும் எல்லாச் சமயத்தாரோடும் ஒரே பந்தியில் உண்டனர். காலையில் அங்கும் வரிசையில் நின்றனர். அங்கும் பெயர் வாசிக்கப்பட்டது. ஆனால் வாசித்தவன் கிராணி அல்லன். கேப்டன் லட்சுமியின் தலைமையிலிருந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். பால்வாளி தூக்கிய கைக்கு அதன் சுமை புதிதன்று என்றாலும், அதை ஏந்துமாறு ஒருவர் கேட்டுக்கொண்டது அவர்களுக்குப் புதிது.

1945 ஆகஸ்டில் எல்லாம் முடிந்தது. வடநாட்டுப் போர்வீரர்கள் கப்பலேறினர். தில்லிச் செங்கோட்டையில் அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. மலாயாவில் சேர்ந்த தோட்டத் தமிழர்க்குத் திரும்புவதற்கு இருந்த இடம் பழைய லயமே. துரைமாரும் திரும்பி வந்தனர். பெரட்டும் திரும்பி வந்தது.

தொண்டர் படை தோன்றியது இந்நிலையிலேதான். பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் அது உருவாயிற்று. சொல்லையும் நோக்குக. தொண்டர் என்பது சமய வழக்கில் இறையடியாரைக் குறிப்பது. பெரியபுராணத்திற்கு அதன் ஆசிரியர் இட்ட பெயர் திருத்தொண்டர் புராணம். படை என்பதோ வேந்தர்க்குரியது. இவ்விரண்டையும் இணைத்து இந்திய விடுதலை இயக்கம் புதுச்சொல் ஒன்றைப் படைத்துத் தந்தது. கெடாத் தொழிலாளர் அச்சொல்லை எடுத்து, ஆண்டானுக்குத் தொண்டு செய்யாத தொண்டர் என்னும் பொருளில் ஆண்டனர். சீருடை அணிந்தனர், மாலை வேளையில் கைத்தடியோடு அணிவகுப்புப் பழகினர். போஸின் படையில் பயிற்சி பெற்றுத் திரும்பியோர் இதற்கு ஆசான்களாயினர். ஹார்வார்டில் தோன்றியது அண்டைத் தோட்டங்களுக்கும் பரவியது. 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் அமைந்தபோது நகரத் தலைவர்களின் கண் பெரும்பாலும் இந்தியாவை நோக்கியிருந்தது. தொண்டர் படையின் கண் லயத்தை விட்டு அகலவில்லை.

அதன் முதல் இலக்கு கள். நியூ ஹாம்ப்ஷயர் சென்றவரிடம் கேட்டால், குடிப்பதும் குடியாதிருப்பதும் தனிமனிதன் உரிமை, அதில் தலையிடுவோர் யாராயினும் விடுதலைக்குப் பகைவர் என்பார். இக்கோட்பாட்டின்படி தொண்டர் படை தன்னுரிமை இயக்கம் ஆகாது. மேலும், அதன் தொண்டர்கள் குடித்தவர்களை அச்சுறுத்தினர், தண்டித்தனர் என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. அதை வெறும் துரைமார் புனைவு என்று ஒதுக்கிவிட இயலாது. கட்டுப்பாடு மிக்க எந்தச் சிறு கூட்டமும் தன் உறுப்பினர்மேல் கை வைக்கும் இடர் உடையது.

ஆனால் கள் விற்ற முறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடை அரசின் உரிமத்தோடு நடந்தது. தோட்டத்திற்குள்ளாயின் நிர்வாகத்தின் கண்காணிப்பில் நடந்தது. காலையில் கொடுத்த கூலியின் ஒரு பகுதி மாலையில் அதே எல்லைக்குள் திரும்பிற்று. வேறு பொழுதுபோக்கு இல்லாத லயத்தில், மயங்கியவன் மறுநாள் கோரிக்கை எழுப்பமாட்டான் என்பதை நிர்வாகம் அறிந்தே இருந்தது. ஒருவன் தானே தேர்ந்துகொண்ட பழக்கத்தைத் தடுப்பது வேறு; தேர்வதற்கு வேறொன்றும் வைக்காமல் அவன் முன் நிறுத்திய கடையை மூடச் சொல்வது வேறு. இவ்வேறுபாட்டைத் தொண்டர்கள் நூல் படித்து அறியவில்லை. குடும்பத்தில் கண்டு அறிந்தனர். தோட்டத்துப் பெண்களின் ஆதரவு அவர்களுக்கு இருந்ததும் இதனாலேயே.

1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடை முன் தொண்டர்கள் மறியல் செய்தனர். போலீசார் தலையிட்டதில் மோதல் மூண்டது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். சில நாட்களில், மார்ச் தொடக்கத்தில், புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் போலீசார் புகுந்து அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தனர். பெரும்பாலோர் சிறைத்தண்டனை பெற்றனர். ஏப்ரல் இறுதியில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் மேலும் ஓர் உயிர் போயிற்று. மூன்றே மாதங்களுக்குள் இயக்கத்தின் முதுகெலும்பு முறிந்தது. கள்ளுக்கடை மறியலுக்கு இத்தனை பெரிய பதிலடி ஏன் என்று ஒருவர் வினவலாம். அரசு அஞ்சியது மறியலுக்கன்று. தோட்ட எல்லைக்குள் துரையின் ஆணைக்கு அப்பால் இன்னோர் ஆணை செல்லத் தொடங்கியிருந்தது. தொழிலாளர் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு அணியணியாகச் சென்று ஒருவர்க்கொருவர் துணை நின்றனர். கிள்ளானில் 1941-இல் கேட்டுப் பெறாத வந்து போகும் உரிமையைக் கெடாவில் இவர்கள் கேளாமலே எடுத்துக்கொண்டனர்.

1948 ஜூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபின் அவ்வுரிமை முற்றிலும் மறைந்தது. தோட்ட லயங்கள் பல ஓரிடமாகக் குவிக்கப்பட்டு முள்வேலி சூழப்பெற்றன. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4-இல் தூக்கிலிடப்பட்டார்.

1957-இல் நாடு விடுதலை பெற்றபின் தோட்டத்தார்க்கு வந்த துன்பம் முன்னையதற்கு நேர்மாறானது. முன்னர் போக விடவில்லை. இப்போது இருக்க விடவில்லை. வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையும் இல்லை, லயமும் இல்லை. கொள்கைக்காகவன்றிக் கூரைக்காகவே குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. இதற்கு மாற்றாக 1960-இல் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் தம் சிறு கூலியிலிருந்து தவணையாகப் பங்குத்தொகை கட்ட, விற்பனைக்கு வந்த தோட்டங்களைச் சங்கம் முழுமையாக வாங்கியது. அவ்வாறு தொடக்கத்திலேயே வாங்கப்பட்டவற்றுள் ஒன்று கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். லயத்தை விட்டு யாரும் வெளியேற வேண்டியதில்லை என்பதே வாங்கியதன் நோக்கம். பங்குதாரர் ஆகியும் தொழிலாளர் முன்போலவே விடியற்காலையில் வாளியோடு நிரைக்குச் சென்றனர்.