வெந்த தோலை விட்டுவைக்கலாமா?

உடம்பில் பாதிக்கு மேல் ஆழமாக வெந்தவர், முதல் சில நாள் தப்பிவிட்டாலும் கிருமித்தொற்றுக்குப் பலியாவதுண்டு. செத்த தோல் கிருமிகளுக்கு விளைநிலம். அது தானாகக் கழன்று விழட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தது பழைய வைத்தியம். அன்றைய யூகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரில் சோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர் அதை மாற்றினார். சில நாட்களுக்குள்ளேயே வெந்த தோலை ஏடு ஏடாகச் சீவுவார். பொட்டுப் பொட்டாக ரத்தம் கசிந்தால் உயிருள்ள அடுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே நிறுத்தி, நோயாளியின் நல்ல தோலை எடுத்து ஒட்டுவார். 1970-ல் அவருடைய கட்டுரை வெளியான பின் பல நாடுகள் இந்த வழிக்கு வந்தன.

துவண்டு கிடப்பவர்மேல் கத்தி வைக்கலாமா என்று உறவினர்கள் தயங்குவது நியாயம்தான். ரத்த இழப்பு உண்டு. முதியவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதனால்தான் தவணை தவணையாகச் செய்கிறார்கள். காத்திருந்தாலோ தொற்றும் தழும்பும்தான் மிச்சம். உண்மையான தடை வேறு: ஒட்டத் தோல் எங்கே? சொந்தத் தோலை வலைபோல் கீறி விரித்தாலும் போதாது. அப்போது, இறந்தவரிடமிருந்து தானமாகப் பெற்ற தோல் சில வாரம் காயத்தை மூடி உயிரைப் பிடித்துவைக்கும். ரத்த வகைகூடப் பொருந்த வேண்டியதில்லை. தானம் தந்தவரின் உடல் அலங்கோலமாகாது: தொடை, முதுகில் மெல்லிய மேலேட்டை மட்டும் எடுத்துக் கட்டுப்போட்டுத் தருகிறார்கள். பொதுவாக இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், தோல் தானம் செய்யும் உங்கள் விருப்பத்தை வீட்டில் இன்றே சொல்லிவையுங்கள்.