தொட்டபெட்டா ஏறிய கண்ணாடிகள்

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணி. மேகம் விலகின நேரத்தில் ஒலக்கூரில் எங்கள் வாசல் புங்கமரத்தடியைப் பார்த்தேன். தினமும் வட்ட வட்டமாக விழும் வெயில் பொட்டெல்லாம் பிறை பிறையாகச் சிதறிக் கிடந்தது. சூரிய கிரகணத்தைக் காட்ட இலை இடுக்கே போதுமாக இருந்தது. தூக்கிச் சுமக்க ஒன்றுமில்லை.

1871 டிசம்பர் 12 வேறு கதை. அன்று காலை முழு கிரகணத்தின் நிழல் மேற்குக் கடற்கரையில் பேக்கலில் கரையேறி, நீலகிரி, அவிநாசி வழியாக யாழ்ப்பாணம் பக்கம் ஓடியது. நம் பக்கத்தில் முழு இருட்டு இரண்டு நிமிடச் சொச்சம்தான். அதைப் படம் பிடிக்க கர்னல் டென்னன்ட் குழு தொட்டபெட்டாவில் முகாம் போட்டது. உயரம் 2,637 மீட்டர். மலை ரயில் குன்னூருக்கு வந்ததே 1899-இல்தான். தொலைநோக்கி, தாங்குகால், ரசாயனப் புட்டிகள், கண்ணாடித் தட்டுகள் அத்தனையும் மாட்டு வண்டியிலும் ஆள் தோளிலும்தான் ஏறியாக வேண்டும்.

எங்கள் ஊரில் மல்லாட்டை மூட்டையைச் சும்மாட்டில் ஏற்றிப்போய்த் தொப்பென்று இறக்குவார்கள். கண்ணாடிச் சுமையை அப்படி இறக்க முடியாது. சறுக்குப் பாதையில் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் படத்தட்டு ஈரத்தட்டு. கண்ணாடியில் கொலோடியன் கரைசலைச் சீராக ஓடவிட்டு, வெள்ளி நைட்ரேட் தொட்டியில் முக்கி, காய்வதற்குள் கேமராவில் செருகி, உடனே இருட்டுக் கூடாரத்தில் கழுவியெடுக்க வேண்டும். கழுவத் தண்ணீர் வேண்டும். மலை உச்சிக்கு அதையும் ஒருவர் சுமக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே டென்னன்ட் குழுவிலிருந்த ஹென்னஸி ஆறு படம் எடுத்தார். சூரியனைச் சுற்றிய ஒளிவட்டம் ஆறிலும் பதிந்தது.

அதே காலை பேக்கலில் ஆங்கிலேய வானியலாளர் லாக்கியரின் குழு கிரகணம் பார்த்தது. ராகுவை விரட்ட ஜனங்கள் நெருப்பு மூட்டியதையும், புகை மறைக்காமலிருக்கப் போலீஸ் அதை அணைத்ததையும் அந்தக் குழுவின் பயணக் கதையில் விஸ்தாரமாகச் சொல்வார்கள். பயந்து கூச்சலிட்ட கூட்டமாகத்தான் நம்மவர்கள் அதில் வருகிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை. சுமந்தவர்களும் அதே ஜனம்தானே?

நம்மவர்களில் பெயரோடு நின்றவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தின் உதவியாளர். அன்று அவிநாசியில் வானாய்வகத் தலைவர் போக்சனோடு இருந்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, நம் ஜனங்களுக்குப் புரியும்படி தமிழிலும் விளக்கப் புத்தகம் போட்டார்.

தொட்டபெட்டாவில் வெளிச்சம் திரும்பியதும் கூடாரம் பிரிந்தது. ஏறியதைவிடக் கனமான பொறுப்பு இறங்குவதில்தான், தட்டில் இப்போது சூரியன் இருந்தது. ஆறு கண்ணாடிகளும் உடையாமல் மலையிறங்கின.