பாட்டிக்கு டிமென்ஷியா. அம்மாவுக்கு யார் உதவுவது? ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட்டின் வேலை என்ன?

வீட்டில் ஒரு பெரியவருக்கு டிமென்ஷியா, அதாவது முதுமை மறதி நோய் என்று தெரிந்ததும் முதலில் வரும் கேள்வி, "இதுக்கு மருந்து இருக்கா?" என்பதுதான். அறிகுறிகளைச் சிலருக்குக் கொஞ்ச காலம் தணிக்கும் மருந்துகள் உண்டு. போன நினைவைத் திருப்பிக் கொடுக்கும் மருந்து இல்லை. ஆனால், இரண்டாவது கேள்வியை நாம் டாக்டரிடம் கேட்பதே இல்லை: "நாளைக்குக் காலையில அவங்களை எப்படிக் குளிக்க வைக்கிறது?" அதற்கு உதவவே படித்துப் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட்.

மலேசியாவில் 2018ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும். ஏறக்குறைய 12 பேரில் ஒருவர். இவர்களில் பலரைப் பார்த்துக்கொள்வது மருத்துவமனை அல்ல. வீட்டில் இருக்கும் ஒரு மகள், ஒரு மருமகள், ஒரு மனைவி. பராமரிப்புக்குச் செலவாகும் நேரத்தில் 70 விழுக்காட்டைக் கொடுப்பது பெண்கள்தான் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

'ஆக்குபேஷன்' என்றால் வேலையா?

பெயரைக் கேட்டு, வேலை வாங்கித் தருபவர் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே 'ஆக்குபேஷன்' என்பது ஒருவருடைய நாளை நிரப்பும் எல்லாமும்: பல் துலக்குவது, சேலை கட்டுவது, சாமி விளக்கு ஏற்றுவது, காய் நறுக்குவது. பிசியோதெரப்பிஸ்ட் முட்டியை மடக்க முடிகிறதா என்று பார்ப்பார். ஆக்குபேஷனல் தெரப்பிஸ்ட், அந்த முட்டியோடு நீங்கள் குளியலறைக்குள் எப்படிப் போகிறீர்கள் என்று பார்ப்பார். அரசு மருத்துவமனைகளில் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்ற பலகை இருக்கும் பிரிவு இவர்களுடையதுதான்.

ஓர் உதாரணத்துக்கு, செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாட்டிக்கு 74 வயது. முப்பது வருஷம் மஸ்ஜித் இந்தியாவில் சேலைக் கடையில் நின்றவர். இப்போது குளிக்கக் கூப்பிட்டால் கத்துகிறார். அம்மா கெஞ்சுகிறார், அதட்டுகிறார், கடைசியில் கையைப் பிடித்து இழுக்கிறார். "வேணும்னே பண்றாங்க" என்று வீட்டில் ஒரு முடிவு ஆகிவிட்டது.

தெரப்பிஸ்ட் அந்த முடிவை ஏற்க மாட்டார். குளிப்பது நமக்கு ஒரே வேலை. உண்மையில் அது இருபது, முப்பது சிறு வேலைகளின் வரிசை. சட்டையைக் கழற்ற வேண்டும், ஈரத் தரையில் கால் வைக்க வேண்டும், குழாயைத் திருக வேண்டும், அடுத்து என்ன என்று ஞாபகம் இருக்க வேண்டும். இதில் எந்த இடத்தில் அறுந்து போகிறது என்பதைத்தான் அவர் தேடுவார். வெள்ளை டைல்ஸ் மேல் வெள்ளை வாளி பாட்டியின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஷவர் தண்ணீர் தலையில் திடீரென விழுவது பயமாக இருக்கலாம். மகள் முன்னால் உடை களைவது கூச்சமாக இருக்கலாம்.

காரணம் தெரிந்தால் மாற்றம் சின்னதுதான். ஷவருக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீரில் சிவப்பு வாளி, சிவப்பு ஜக். உட்கார ஒரு வழுக்காத நாற்காலி, சுவரில் கைப்பிடி. தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டே குளிக்க வைப்பது. "போய்க் குளிங்க" என்பதற்குப் பதில், "இந்த ஜக்கைப் பிடிங்கம்மா" என்று ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல். முக்கியமாக, அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். பாசத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது நம் வீடுகளில் அதிகம். ஆனால், செய்யாமல் விட்ட திறமை சீக்கிரம் போய்விடும். அதன் சுமையும் பார்த்துக்கொள்பவர் தலையில்தான் விழும்.

சாப்பாட்டுக்கும் இதே கணக்கு. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு சிலருக்குத் தனியாகத் தெரியாது. வாழை இலையில் போட்டால் தெரியும்!

"கடைக்கு நேரமாச்சு"

அதே பாட்டி காலையில் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். "தீபாவளி வருது, கடையில கூட்டமா இருக்கும்." "கடையை விட்டு 15 வருஷம் ஆச்சும்மா" என்று அம்மா திருத்துகிறார். சண்டை ஆரம்பம்.

அமெரிக்காவில் லாரா கிட்லின் என்ற ஆய்வாளரின் குழு இதற்காகவே ஒரு முறையை உருவாக்கியது. தெரப்பிஸ்ட் சில மாதங்களில் எட்டு முறை அந்தக் குடும்பத்தோடு பேசுவார். பெரும்பாலும் நேரில் வருவார், ஓரிரு முறை போனில். நோயாளியின் பழைய வாழ்க்கையைக் கேட்டு, இன்று என்ன முடிகிறது என்று சோதித்து, அதற்கேற்ற வேலையைத் தேர்ந்தெடுத்து, அதை எப்படிக் கொடுப்பது என்று பராமரிப்பாளருக்குச் சொல்லித் தருவார். நம் பாட்டிக்கு அந்த வேலை சேலை மடிப்பதாக இருக்கலாம். பெயர்கள் மறந்தாலும் கை மறக்காமல் இருப்பது டிமென்ஷியாவில் சகஜம். மேசையில் நாலு சேலைகளை வையுங்கள். கோணலாக மடித்தாலும் திருத்தாதீர்கள். மறுநாள் அதே சேலைகளைக் கலைத்து வைத்தால் போதும். அந்த அரை மணி நேரத்தில் அம்மா ஒரு காப்பி குடிக்கலாம்.

இது எல்லா வீட்டிலும் பலிக்குமா? நேர்மையாகச் சொன்னால், ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. நெதர்லாந்தில் 2006ல் வெளியான ஆய்வில், ஐந்து வாரங்களில் பத்து சந்திப்புகளுக்குப் பிறகு நோயாளிகளின் அன்றாடச் செயல்பாடு முன்னேறியது, தங்களால் சமாளிக்க முடியும் என்ற பராமரிப்பாளர்களின் நம்பிக்கையும் கூடியது. அதே முறையைப் பிரிட்டனுக்கு ஏற்ப மாற்றிப் பார்த்த, 2021ல் வெளியான பெரிய ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட அன்றாடச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆக, இது மந்திரம் அல்ல. அந்த வீட்டுக்கு ஏற்றதாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

அம்மாவும் ஒரு நோயாளி போலத்தான்

நல்ல தெரப்பிஸ்ட் உங்கள் அம்மாவிடமும் கேட்பார்: "நீங்க எத்தனை மணிக்குத் தூங்குறீங்க? கடைசியா எப்ப வெளியே போனீங்க?" முதுகு போகாமல் ஒருவரைப் படுக்கையிலிருந்து எழுப்பும் விதத்தைச் சொல்லிக் கொடுப்பார். வாரத்தில் எந்த வேலையை மாமாவிடம் தள்ளிவிடலாம் என்று சேர்ந்து திட்டம் போடுவார். "மருமக பார்த்துக்குவா" என்பது திட்டம் இல்லை! பகல்நேரப் பராமரிப்பு வேண்டுமானால், பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்சைமர் நோய் அறவாரியத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

எப்படிப் போவது?

முதல் படி பக்கத்திலுள்ள கிளினிக் கெசிஹாத்தான். அங்கே டாக்டரிடம், "ஆக்குபேஷனல் தெரப்பிக்கு ரெஃபர் பண்ண முடியுமா?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்காமல் கிடைப்பது அபூர்வம். தனியாரிடம் போவதானால், 2016ஆம் ஆண்டின் 774ஆவது சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் உங்கள் பங்கு வருகிறது. தெரப்பிஸ்ட்டுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பாட்டிக்கோ பிற்காலத்தில் கற்ற மலாய் முதலில் நழுவி, தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கலாம். நடுவில் உட்காரப் போவது நீங்கள். "அவங்களுக்கு ஞாபகம் இல்ல" என்று சுருக்கி மொழிபெயர்க்காதீர்கள். பாட்டி சொன்னதை அப்படியே சொல்லுங்கள். போவதற்கு முன் மூன்று நாள், எத்தனை மணிக்கு என்ன தகராறு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று போனில் குறித்து வையுங்கள். குளியலறை, படுக்கை, வாசற்படி மூன்றையும் படம் எடுங்கள். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: பாட்டி என்ன வேலை பார்த்தார், எந்த நேரத்தில் குளிப்பார், எந்தச் சாமியைக் கும்பிடுவார், எந்தப் பாட்டைக் கேட்டால் முணுமுணுப்பார். எழுத முடியவில்லை என்றால் அம்மாவைக் கேளுங்கள்.