பற்று மட்டும் எழுதும் மனக்கணக்கு



நம் இதழில் வழக்கமாகப் பருப்பு விலையும் வரி விவரமும் எழுதுகிறவன் நான். இம்முறை எழுதுவது வீட்டு விஷயம். என் தவறும் இதில் உண்டு.

கல்லூரியில் படிக்கும் என் பேரன் இரண்டு பாடங்களில் தவறினான். அதன்பின் சாப்பாடு குறைந்தது. விடிய விடிய விழித்திருந்தான். சிநேகிதர்கள் தேடி வந்தால், வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னான். "உன் வயதில் நான் மூட்டை தூக்கினேன், உனக்கென்ன குறை?" என்று அதட்டி, மண்டிக் கல்லாவில் உட்கார வைத்தேன். பேச்சும் நின்றுபோனது. ஒருநாள் தன் தாயிடம், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்றான். மறுநாளே மருமகள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் புறப்பட்டாள். "ஊருக்குத் தெரிந்தால் நாளை பெண் கொடுப்பார்களா?" என்று தடுத்தவன் நான்தான். நல்லவேளை, அவள் கேட்கவில்லை.

டாக்டர் பரிசோதித்து, இது மனச்சோர்வு நோய் என்றார். மருந்துடன், வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் ஆலோசகரிடம் பேசவும் ஏற்பாடு செய்தார். அங்கே புத்திமதி நடக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. பையனை ஒரு நோட்டுப் போடச் சொன்னார்கள். நடந்தது என்ன, அப்போது ஓடிய எண்ணம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன என்று அவனே எழுத வேண்டும்.

பிற்பாடு அவனாகவே ஒரு பக்கத்தைக் காட்டினான். எண்ணம்: "நான் எதற்கும் லாயக்கில்லை." ஆதாரம்: இரண்டு பாடங்களில் தோல்வி. எதிர் ஆதாரம்: மற்ற பாடங்களில் எல்லாம் தேர்ச்சி. எனக்குச் சட்டென்று புரிந்தது. பற்றை மட்டும் எழுதி, வரவை எழுதாமல் ஐந்தொகை எடுத்தால் லாபக் கடையும் திவாலாகத்தான் தெரியும். சோர்ந்த மனம் அப்படித்தான் கணக்கு எழுதுகிறது. அதைத் திருத்தக் கற்றுத்தரும் இந்த முறையை 1960களில் வகுத்தவர் அமெரிக்க டாக்டர் ஆரன் பெக்.

"பையன் என்ன சொன்னான்?" என்று ஆலோசகரிடம் கேட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய வெளியே சொல்வதில்லை என்று மறுத்துவிட்டார். அந்த நம்பிக்கையில்தான் பிள்ளை வாய் திறந்திருக்கிறான்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. இத்தகைய வாட்டம் இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும்; நாமாக நிறுத்தக்கூடாது. "சாகத் தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மறைத்த பாரத்தை இறக்கிவைக்கத்தான் வழி பிறக்கும். அப்படித் தோன்றுவதாகச் சொன்னால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி, மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தரப்பட வேண்டும்.

ஊரை விட்டு வந்து நம் கடைகளில் வேலை பார்க்கும் பதினெட்டு, இருபது வயதுப் பையன்களையும் நினைத்துப் பாருங்கள். ஒருவன் நாலு நாள் முகம் வாடியிருந்தால், சம்பளத்தில் பிடிக்கும் முன் பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேளுங்கள்.

என் பேரன் விட்ட பாடங்களை எழுதிவிட்டான். முழுதும் பழையபடி ஆகிவிட்டான் என்று சொல்லமாட்டேன்; ஆனால் இரவில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். அந்த நேரத்தில் நான் கணக்கு நோட்டைத் திறப்பதில்லை.