தெரிந்த காடு

மயிலாடும்பாறையில் மூல வைகைக் கரையிலிருந்து மேற்கே பார்த்தால் மேகமலை. இலவந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் காடு ஏறத் தொடங்குகிறது. மலைக்கு இந்தப் பக்கம் வருசநாடு, அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு, தெற்கே பெரியாற்றுக் காடு. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்த மலையில், 2023 மே மாதம், கழுத்தில் ரேடியோ காலருடன் ஓர் ஆண் யானை நடந்துகொண்டிருந்தது. ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் கேரளத்து மக்கள் அதற்கு அரிக்கொம்பன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இடுக்கி மாவட்டம் சின்னக்கானல்தான் அதன் ஊர். அதைப் பிடித்து முகாமில் அடைக்கத்தான் முதலில் திட்டமிட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் அதற்கு இசையவில்லை. வேறொரு காட்டில் விடச் சொன்னது. ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டு, பழக்கப்பட்ட நான்கு கும்கி யானைகளைக் கொண்டு லாரியில் ஏற்றிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். சில நாட்களிலேயே அது மேகமலைப் பக்கம் வந்தது. மே 27 காலை கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. 144 தடை உத்தரவு போடப்பட்டது. ஊர் வீட்டுக்குள் அடைந்தது, யானை வெளியே திரிந்தது. அன்று காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். ஜூன் 5 அன்று மறுபடி பிடிபட்ட அந்த யானையைக் களக்காடு–முண்டந்துறைக் காப்பகத்தில் மேல் கோதையாறு பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள்.

யானையை மயக்குவதே நுட்பமான வேலை. மற்ற பாலூட்டிகளுக்கு நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. யானைக்கு அந்த இடம் இணைப்புத் திசுவால் நிரம்பி, நுரையீரல் சுவரோடு ஒட்டியிருக்கிறது. மார்பு விலாக்கள் விரிந்தால்தான் மூச்சு. மயங்கி நெஞ்சு அழுந்தப் படுத்துவிட்டால் தன் எடையாலேயே மூச்சுத் திணறும். அதனால்தான் நின்றபடியே கிறங்கி நிற்கும் அளவுக்கு மருந்தைக் கணக்கிடுகிறார்கள். கண் கட்டப்பட்டு, கும்கிகள் தள்ளத் தள்ள அது லாரியில் ஏறுவது அந்த அரைத்தூக்கத்தில்தான்.

விழித்தபின் அது நிற்கும் இடம் புதியது. இங்கேதான் நாம் சுதந்திரம் என்று எதை நினைக்கிறோம் என்ற கேள்வி எழுகிறது. வேலி இல்லை, சங்கிலி இல்லை, தண்ணீரும் புல்லும் இருக்கின்றன. பிறகு ஏன் நடக்கிறது?

ஓர் ஆண் யானை புழங்கும் பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர் இருக்கலாம். எந்த மாதம் எந்த ஓடையில் நீர் நிற்கும், எந்தச் சரிவில் ஏறலாம், எந்தப் பெண் யானைக் கூட்டம் எப்போது எங்கே வரும் என்பதையெல்லாம் கன்றாக இருந்ததிலிருந்து தாயோடும் மூத்த யானைகளோடும் நடந்து நடந்து கற்றிருக்கிறது. அந்தப் படிப்பில் பாதி வாசனை. ஆப்பிரிக்க யானையின் மரபணுத் தொகுதியில் மோப்ப ஏற்பிகளுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 2000. நாய்க்கு இருப்பதைப் போல இரண்டு மடங்கு. தாய்லாந்தில் ஆசிய யானைகளுக்கு மூடிய இரு வாளிகளில் சூரியகாந்தி விதை வைத்துச் சோதித்தபோது, எதில் அதிகம் என்பதை அவை மோந்தே கண்டுபிடித்தன. இப்படிப்பட்ட உயிரை அதன் வாசனைகளிலிருந்து பிரிப்பது, கண் தெரிகிறவரை இருட்டறையில் விடுவதைப் போன்றது. நடந்து பார்த்துத்தான் அது அறையின் அளவை அறிய வேண்டும்.

இலங்கையில் பிரித்விராஜ் பெர்னாண்டோ குழுவினர் இதை அளந்து பார்த்தார்கள். இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளுக்கு ஜிபிஎஸ் காலர் மாட்டிப் பின்தொடர்ந்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். சில யானைகள் பிடிபட்ட இடத்துக்கே திரும்பின. சில எங்கும் தங்காமல் அலைந்தன. சில மட்டுமே புது இடத்தில் ஊன்றின. மோதல் குறையவில்லை, புது ஊர்களுக்கும் பரவியது, யானைகளின் இறப்பும் கூடியது. மேகமலையிலிருந்து வடமேற்கே ஒரு கோடு இழுத்தால் அது கம்பம் பள்ளத்தாக்கைக் குறுக்காகக் கடந்து சின்னக்கானலைத் தொடும். அந்தக் கோட்டை வரைபடத்தில் பார்த்த பிறகு, கம்பத்துத் தெருவில் வந்த யானையை ஊடுருவியவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. 2019 ஜனவரியில் கோவை தடாகத்தில் பிடிபட்ட சின்னத்தம்பி என்ற காட்டு யானையை டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். அது இறங்கி உடுமலைப் பக்கத்துக் கரும்புத் தோட்டம் வரை நடந்தது. பிப்ரவரி 15 அன்று மீண்டும் பிடித்து வரகளியாறு முகாமில் கராலில் அடைத்தார்கள். யானை முட்டினாலும் அசையாத கட்டைகளால் கட்டிய கூண்டுதான் கரால். அங்கே காட்டு யானை பாகனின் குரலுக்குப் பணியப் பழகுகிறது. சின்னத்தம்பி கும்கியானது. 2023 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் ஒரு மக்னாவை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, பிடிக்க அதையே அழைத்துப்போனார்கள். அந்த மக்னாவும் டாப்சிலிப்பில் விடப்பட்டது, அதுவும் பொள்ளாச்சி வழியே கோவை வரை நடந்தது.

சங்கிலியில் கட்டிய யானை இடமும் வலமுமாக ஓயாமல் ஆடுவதைக் கோயில்களில் பார்த்திருப்போம். தாளத்துக்கு ஆடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவோம். நடக்க வேண்டிய தூரத்தை நிற்கிற இடத்திலேயே நடக்கும் நோய்க்குறி அது. காட்டு யானையிடம் இந்த ஆட்டம் இல்லை.

கராலா, புதுக் காடா என்று கேட்டால் புதுக் காடே மேல். அரிக்கொம்பன் கோதையாற்றுப் பக்கம் தங்கியது. 2023 செப்டம்பரில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள் வரை வந்துவிட்டுக் காட்டுக்குள் திரும்பியது. ஆனால் பிரச்சினை தொடங்கிய இடம் சின்னக்கானல். ஆனையிறங்கல் அணைக்கருகே யானைகள் நடமாடிய புல்வெளியில், 2000-களின் தொடக்கத்தில், நிலமில்லாத பழங்குடிக் குடும்பங்களுக்கு மனை பிரித்துக் கொடுத்தார்கள். 301 காலனி என்று அதற்குப் பெயர். இருட்டினால் வெளியே வர அஞ்சி அவர்களில் பலர் வெளியேறிவிட்டார்கள். அவர்களுக்கு வேறு நல்ல நிலம் கொடுப்பதற்கு மயக்க ஊசி தேவையில்லை, கும்கியும் தேவையில்லை.