மண்ணுக்குப் போர்வை, மாட்டுக்குத் தீவனம்

சிங்கப்பூரின் வடமேற்கே உள்ள கிராஞ்சியில் இன்று நீர்த்தேக்கமும் பண்ணைகளும் இருக்கின்றன. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் கித்தாத் தோட்டங்கள் இருந்தன. 1877-ஆம் ஆண்டு கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளோடு தொடங்கிய கதை அது. பால் மரங்கள் போய்விட்டன. ஆனால் அம்மரங்களின் காலடியில் மூடுபயிராக வளர்த்த கொடிகளின் இனம் சிங்கப்பூர்த் தரிசுகளிலும் வேலிகளிலும் இன்றும் படர்ந்து கிடக்கிறது.

காம்புக்கு மூன்று இலை, ஊதா நிறப் பூ, அவரை போன்ற காய். பார்ப்பவர்கள் களை என்பார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆரம்ப நாளில், நிரைகளுக்கு நடுவே ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது துரைமார் கட்டளை. நம் பெண்கள் முதுகு ஒடியக் கொத்திச் சுத்தம் செய்தார்கள். வெறும் மண்ணில் மழை அடித்தது. சத்துள்ள மேல்மண் ஓடைக்குப் போயிற்று. அதற்குப் பிறகே மண்ணுக்கு இந்தப் பச்சைப் போர்வையைப் போர்த்தினார்கள்.

கொடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன என்று அறியலாம். உதிரும் இலையும் மக்கி உரமாகிறது.

கலப்பகோனியம் விரைவில் மூடும்; விரைவில் மடியும். சென்ட்ரோசீமா மெதுவாக வளர்ந்தாலும் நிழலைத் தாங்கும். புராரியா வலுவானது. அதனால்தான் மூன்றையும் கலந்து விதைத்தார்கள்.

மாடு வளர்ப்போர் கவனிக்க! புராரியாவை மாடு விரும்பித் தின்னும். கலப்பகோனியத்தின் இலையில் ரோமம் அதிகம். அதை அவ்வளவாகத் தொடாது. கொடியை மட்டும் போடாமல் புல்லோடு கலந்து கொடுங்கள். களைக்கொல்லி அடித்த நிரையிலிருந்து ஒரு பிடிகூட அறுக்காதீர்கள். மாட்டுக்கும் கேடு, அதன் பாலைக் குடிக்கும் பிள்ளைக்கும் கேடு.

விதையின் தோல் கடினமானது. சுடுநீர் ஊற்றி, இரவு முழுதும் ஊறவைத்து விதைத்தால் சீராக முளைக்கும். வாழையோ பழமரமோ இருந்தால், அடியைச் சுற்றி ஒரு வட்டம் சுத்தமாக இருக்கட்டும். விட்டால் கன்றின் மேல் ஏறி அமுக்கிவிடும்.

வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் மண்ணில் இக்கொடி தென்பட்டால், கத்தியை ஓங்குமுன் வேரைப் பாருங்கள். காசில்லாமல் கிடைக்கும் உரத்தை வெட்டி எறிவானேன்?